பாதி சுன்னத்து

அரியலூர் ரயில் நிலையத்தில் நான் இறங்கியபோது சட்டையின் உள்பையில் ஒரு கிராம் தங்க மோதிரம் இருந்தது. எழும்பூரில் ஏறியதிலிருந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்ததில், எதிரில் உட்கார்ந்திருந்தவர் எனக்கு நெஞ்சுவலி என்று முடிவு கட்டிவிட்டார். "தண்ணி குடிங்க சார்" என்று பாட்டிலை நீட்டினார். நான் வாங்கவில்லை. ரயிலில் முன்பின் தெரியாதவர் கொடுத்ததைக் குடித்துவிட்டு வேறு ஊரில் கண்விழித்தவர்கள் கதை எனக்கு நிறையத் தெரியும். விழுப்புரத்தில் இறங்குவதற்குள் அந்தத் தண்ணீரை அவரே முழுக்கக் குடித்து முடித்தார்.

அப்படித்தான் என் புத்தி. சென்னையில் பழைய இரு சக்கர வண்டிகளை வாங்கி விற்கிறேன். "ஒரே ஓனர் பாய், வாத்தியார் ஓட்டின வண்டி, ஸ்கூலுக்குப் போகும் வரும், அவ்வளவுதான்" என்று சொல்லாத ஆளே இல்லை. மீட்டரைப் பார்த்தால் அந்த வாத்தியார் ஒரு நாளைக்கு நூறு பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். இருபது வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு, யார் என்ன சொன்னாலும் முதலில் சந்தேகம்தான் வருகிறது. என் மனைவி என்னோடு வெளியூர் வருவதை நிறுத்தி வெகு நாளாயிற்று.

நான் போனது பெரம்பலூருக்கு. என் தங்கை ஷமீமாவின் மகனுக்குச் சுன்னத்துக் கல்யாணம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முஸ்லிம் வீட்டில் பிறக்கும் ஆண் பிள்ளைக்கு முன்தோலை நீக்குவது மார்க்கக் கடமை. சில ஊர்களில் அது கல்யாணத்துக்குச் சமமான விசேஷம். பையனுக்குப் புதுத்துணி, மாலை, ஊர்வலம், பிரியாணி எல்லாம் உண்டு. வெட்டும்போது பையனைத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். மோதிரம் போட வேண்டியவனும் அவனே. இந்தக் கட்டுரையில் ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். ஊர்களை மாற்றவில்லை.

சென்னையில் என் இரண்டு பையன்களுக்கும் பிறந்த சில நாட்களிலேயே ஆஸ்பத்திரியில் செய்துவிட்டோம். நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துப் போனார், அரை மணியில் திருப்பிக் கொடுத்தார். பிரியாணியும் இல்லை, மாலையும் இல்லை. திரும்பி வந்தது நம் பிள்ளைதானா என்று காலில் கட்டிய அட்டையை நான் சரிபார்த்தது வேறு கதை.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலில் வருகிறவர்கள் அரியலூரில் இறங்கி முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். டிக்கெட் முப்பது ரூபாய். நூறு ரூபாய் கொடுத்தேன். மீதியைப் பிறகு தருவதாகச் சொல்லி கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். வழியெல்லாம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள். சாலையோர வேப்பமரங்களின் இலை வெள்ளையாக இருக்கிறது. பேரளி தாண்டியதும் மக்காச்சோளக் கொல்லைகள். நான் கொல்லைகளைப் பார்க்காமல் கண்டக்டரையே பார்த்துக்கொண்டு போனேன். இறங்குவதற்கு முன்பே அவர் எழுபது ரூபாயை என் கையில் வைத்து, "போதுமா சார், கண்ணு வலிக்கப்போவுது" என்றார்.

துறைமங்கலத்தில் தங்கை வீட்டு வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கை கணவர் காதர் குவைத்தில் ஏசி மெக்கானிக். இந்த விசேஷத்துக்காகவே லீவு போட்டு வந்திருக்கிறார். அடுத்த வார ஞாயிறு திரும்ப வேண்டும். இன்னொரு லீவுக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமை காலை மண்டபத்தில் நடக்கும் இலவச சுன்னத்து முகாமில் பையனுக்கு முடித்துவிட்டு, ஞாயிறு மதியம் ஊருக்கு விருந்து. சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது.

"மச்சான், நம்ம பையனுக்கு வேலை கம்மி" என்றார் காதர், இடியாப்பத்தைப் பிட்டுக்கொண்டே. "அவனுக்குப் பொறக்கும்போதே பாதி சுன்னத்து ஆயிருச்சு. மலக்கு பண்ணிட்டுப் போயிருக்கு. எங்கம்மா பாத்துட்டு அழுதுட்டாங்க. இப்புடி ஒரு பாக்கியம் யாருக்கு வரும் சொல்லுங்க?"

மலக்கு என்றால் வானவர். இப்படிப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். முன்தோல் மேலே மட்டும் இருக்கும், கீழே இருக்காது. வானவர்கள் செய்துவிட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வானவர் ஏன் பாதியோடு விட்டுப் போனார் என்று என் புத்தி கேட்டது. இன்னொரு இடியாப்பம் எடுத்துக்கொண்டேன்.

"ஒழுக்கமும் அப்புடித்தான்" என்று காதர் தொடர்ந்தார். "ஒண்ணுக்குப் போறதுன்னா உக்காந்துதான் போவான். ஸ்கூல்ல மத்த பசங்கள்லாம் நின்னுக்கிட்டு அடிப்பானுங்க. இவன் மட்டும் கக்கூஸுக்குள்ள போய் உக்காருவான். நாங்க சொல்லியே குடுக்கல. நபி வழி தானா வந்துருக்கு பாருங்க."

நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கக் கூடாது என்பது எங்களில் நல்ல வழக்கம். நானும் பாராட்டாக மாஷா அல்லாஹ் சொன்னேன். ஷமீமா மட்டும் சட்டென்று எழுந்து குருமா எடுத்து வருவதாக உள்ளே போனாள். என் இலையில் குருமா நிறையவே இருந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகப்படுவதிலும் நான் இவ்வளவுதான் கெட்டிக்காரன்.

பையன் இர்ஃபானுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. சாப்பாடு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, நாளைக்கி என்னைய என்னா பண்ணுவாங்க?"

"மோதிரம் போடுவாங்கடா. மாமா வாங்கிட்டு வந்திருக்கேன் பாரு." வீட்டில் எல்லாரும் அவனிடம் இதையே சொல்லி வைத்திருந்தார்கள்.

அவன் மோதிரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மோதிரம் போட எதுக்கு டாக்டரு?"

மோதிரத்தைத் திரும்ப வாங்கி உள்பையில் போட்டுக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை, நான் வண்டிக்காரர்களைப் பார்க்கும் அதே பார்வை. என் ரத்தம்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மண்டபத்தில் டெட்டாலும் மல்லிகையும் கலந்த வாசனை. வெள்ளைக் கைலி கட்டிய பையன்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனவன் அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெளியே இருக்கிறவன் தன் அப்பாவை, எங்கள் பேச்சில் அத்தாவை, நிமிர்ந்து பார்ப்பான். அத்தா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நான் முதலில் ஊசிகளைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் உறை பிரிக்காத புது ஊசி. மருந்துப் புட்டிகளில் காலாவதித் தேதியைப் படித்தேன். முகாம்காரர் ஒருவர், "பாய், நீங்க ஹெல்த் இன்ஸ்பெக்டருங்களா?" என்று கேட்டார்.

எங்கள் முறை வந்தது. டாக்டர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர், திருச்சியில் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர் என்று முகாம்காரர் சொன்னார். காதர் என் காதில், "பொம்பளை, அதுவும் நம்ம ஆளு இல்ல. இவுங்களுக்கு சுன்னத்து பத்தி என்னா தெரியும்?" என்று முணுமுணுத்தார். டாக்டர் காதில் விழுந்திருக்க வேண்டும். காட்டிக்கொள்ளவில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்து பையனை மடியில் வாங்கினேன். அவன் முதுகு என் நெஞ்சில் படபடத்தது. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விளக்கைத் தாழ்த்தி இன்னொரு முறை பார்த்தார். ஊசியை எடுத்துத் தயாராக நின்ற நர்ஸிடம், "வேணாம், வை" என்றார்.

"ஏங்க, என்னாச்சு?" என்றார் காதர்.

"பையன் ஒண்ணுக்கு எப்புடிப் போவான்? நின்னுக்கிட்டா, உக்காந்தா?"

காதருக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்பவும் உக்காந்துதாங்க. எங்க மார்க்கத்துல அதான் முறை."

டாக்டர் அவரிடம் பேசவில்லை. பையனிடம் குனிந்தார். "தம்பி, நின்னுக்கிட்டுப் போனா என்னா ஆவும்?"

இர்ஃபான் என் சட்டைக் கையின் பொத்தானைத் திருகினான். பிறகு மெதுவாக, "கால்ல ஊத்திக்கும்" என்றான்.

மண்டபத்தில் அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் அந்த வார்த்தை எனக்குத் தெளிவாகக் கேட்டது. காதர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிறுநீர்த் துவாரம் நுனியில் இருக்க வேண்டும். இவனுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கிறது. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு முன்தோலும் பாதிதான் வளரும். சரிசெய்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் புதுத் துவாரத்தை நுனிவரை கொண்டுவர இந்த மிச்சத் தோல் வேண்டியிருக்கும். "இன்னைக்கு இதை வெட்டிப் போட்டுட்டா, நாளைக்கு வேணும்னா எங்கிருந்து எடுக்கிறது? நான் பண்ண மாட்டேங்க. அந்த ஆபரேஷன் பண்ணும்போதே உங்க சுன்னத்தும் சேந்து முடிஞ்சிடும்."

இந்த இடத்தில் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. இலவசம் என்று கூப்பிடுகிறார்கள். வந்த பிறகு பெரிய ஆபரேஷன் என்கிறார்கள். வாஷர் மாற்றப் போன வண்டிக்கு இன்ஜினே இறக்கணும் என்று சொல்லும் மெக்கானிக்குகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

"எங்க வரணும் டாக்டர்? உங்க ஆஸ்பத்திரிக்கா?" என்றேன். குரலில் குத்தல் இருந்தது.

அவர் கையுறையைக் கழற்றினார். "என்கிட்ட வர வேணாங்க. எந்த ஊர் பெரியாஸ்பத்திரிக்கு வேணாலும் போங்க, காசு கெடையாது. என்னை நம்பவும் வேணாம், இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் யாரையும் கத்தி வைக்க விட்டுராதீங்க. அது போதும் எனக்கு."

அடுத்த பையனைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் காதர் வெடித்தார். "விருந்துக்குச் சொல்லியாச்சு மச்சான்! நாளைக்கி ஜமாத்து பூரா வந்து உக்காரும். பையனுக்கு என்னாச்சுன்னு கேட்டா நான் என்னா சொல்லுவேன்? கொறையுள்ள புள்ளன்னு சொல்லச் சொல்றீங்களா?" அவர் கண் கலங்கியிருந்தது. ஏழு வருஷமாகப் பாக்கியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். "அந்தம்மா ஏதோ கதை கட்டிவுடுறாங்க. வேற எடத்துல பண்ணிருவோம்."

அவருக்கு அரியலூரில் ஒரு கிளினிக் தெரியும். விளம்பரத் தட்டி பார்த்திருக்கிறார்: பத்தே நிமிடம், ரத்தமில்லை, வலியில்லை. போன் போட்டார். "பாதி சுன்னத்தா? அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல, கூட்டிட்டு வாங்க பாய்" என்று பதில் வந்தது. டாக்டரம்மாவை அதற்குள் எனக்கும் பாதிக்கு மேல் பிடிக்காமல் போயிருந்தது. சரி என்றேன். பெண்கள் பக்கம் காத்திருந்த ஷமீமா பையனைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள்.

அந்த வாடகைக் காரை ஓட்டியவர் செல்வராசு, குரும்பலூர்க்காரர். நேற்று பஸ்ஸில் வந்த அதே சாலையில் திரும்பிப் போனோம். காதர் முன்சீட்டில் இருந்து புலம்பிக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் கேட்டுவிட்டுச் செல்வராசு, "தப்பா நெனைக்காதீங்க பாய், எனக்கும் பண்ணிருக்கு" என்றார்.

நான் நிமிர்ந்தேன். அவர் நெற்றியில் பட்டையாகத் திருநீறு. சிறுவாச்சூர்க் காளிக்குத் தவறாமல் போகிறவர் என்று கண்ணாடிக்கு மேலே இருந்த படம் சொன்னது.

"சுகருங்க. தோல் இறுகிப்போயி புண்ணு புண்ணா வந்துச்சு. எடுத்துத்தான் ஆவணும்னுட்டாரு டாக்டரு. வூட்டுல வந்து சொன்னேன் பாருங்க, என் பொண்டாட்டி வாசப்படியிலயே நிறுத்திட்டா. மதம் மாறப் போறியா, எவளயாச்சும் பாத்து வச்சிருக்கியான்னு. மாமனார் ஆள்விட்டு விசாரிச்சாரு. பாய்மாருங்க கூட எதுக்கு டீ குடிக்கிறன்னு கேக்குறாரு!"

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்புறம்?"

"அப்புறமென்ன, அவளையே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு சொன்னதும் அடங்கிட்டா. ஆனா உடனே பண்ணலீங்க. மூணு தடவை வரச்சொல்லிப் பாத்தாரு. சுகரு கொறைஞ்சாத்தான் கையே வைப்பேன்னுட்டாரு. பாக்குறதுக்குத்தான் நேரம் எடுத்துக்கிட்டாரு, வெட்டுறது சுளுவா முடிஞ்சிருச்சு."

மூன்று தடவை பார்த்தார் என்பது என் மண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. அரியலூர்க்காரர் போனிலேயே சரி என்றுவிட்டாரே!

கிளினிக் ஒரு மாடியில் இருந்தது. தெருப் பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் சிரிக்கும் குழந்தைகளின் படம். நாங்கள் போனதும் உட்காரக்கூடச் சொல்லாமல், "பையனை உள்ள கொண்டாங்க, யாரு புடிக்கிறது?" என்றார் அங்கிருந்தவர். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். டாக்டரா என்று கேட்டேன். "அட, எத்தனையோ பண்ணியாச்சு பாய்" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

மறுபடி நாற்காலி, மறுபடி என் மடி. இர்ஃபான் இந்த முறை படபடக்கவில்லை. கட்டைபோல் விறைத்து உட்கார்ந்திருந்தான். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. மேசையில் கருவிகள் எடுத்துவைத்தாகிவிட்டது. ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டது. பையனின் கைலியை யாரும் இன்னும் விலக்கிப் பார்க்கவில்லை.

"பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"பாக்க என்னா இருக்கு?"

"பாருங்களேன்."

அவர் சலிப்போடு கைலியைத் தூக்கி ஒரு நொடி பார்த்தார். "ஆமா, பாதி முடிஞ்சுதான் இருக்கு. ஒண்ணு பண்ணுங்க, பாதி ரேட்டு குடுங்க. போதும்."

என் தொழிலில் ஒரு விஷயம் உறுதியாகத் தெரியும். ஸ்டாண்டைப் போட்டு, குனிந்து, உதைத்துப் பார்த்து, குறை சொல்லி, வேண்டாம் என்று எழுந்து போகிறவனை நம்பலாம். அவன் வண்டியைப் பார்த்திருக்கிறான். வண்டியைப் பார்க்காமல் விலை சொல்கிறவன் திருடன், அல்லது அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன். காலையில் ஒருத்தர் விளக்கைத் தாழ்த்தி இரண்டு முறை பார்த்தார், வேண்டாம் என்றார், என்னிடம் வராதே என்றார். நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அடப்பாவி, இருபது வருஷம் எதைத்தான் கற்றுக்கொண்டேன்!

பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "மாப்ள, வாங்க போலாம்."

"மச்சான், உக்காருங்க! ஊசி போட்டாச்சுன்னா அஞ்சு நிமிசம்!"

"பிடிக்க வேண்டியவன் நான். பிடிக்க மாட்டேன்."

காதர் படியில் என் கையைப் பிடித்து இழுத்தார். "அப்ப அந்தம்மா சொன்னது நெசமுன்னு சொல்றீங்களா? எம் புள்ளைக்குக் கொறையிருக்குன்னு சொல்றீங்களா?" தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் டாக்டரில்லை, பழைய வண்டி வியாபாரி.

சொன்னவள் ஷமீமா. நேற்று மாலையிலிருந்து பத்து வார்த்தைகூடப் பேசாதவள். "இருக்குதுங்க" என்றாள். "எனக்குத் தெரியும். மூணு வயசுலேருந்து தெரியும். அவன் ட்ரவுசரை அலசுறவ நான்தானே? நின்னு போகப் பாத்து ஒருநா தொடையெல்லாம் நனைச்சுக்கிட்டு அழுதான். ஸ்கூல்ல பசங்க சிரிச்சானுங்களாம். அதுலேருந்துதான் உக்கார ஆரம்பிச்சான். நீங்க போன்ல ஒழுக்கம் ஒழுக்கம்னு கொண்டாடுறீங்க, நான் என்னாத்தச் சொல்றது? உங்கம்மாகிட்ட ஒருவாட்டி சொன்னேன். மலக்கு செஞ்சதுல குத்தம் கண்டுபுடிக்கிறியான்னு கேட்டாங்க. வாய மூடிக்கிட்டேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னைக்கு மூட மாட்டேன். எம் புள்ளைய இந்த ஆளு தொடக் கூடாது."

காதர் என் கையை விட்டார். படியிலேயே உட்கார்ந்தார். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கிட்டச் சொல்லிருக்கலாமே, ஷமீ?" இர்ஃபான் என் தோளிலிருந்து இறங்கி அத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். செல்வராசு டீ வாங்கி வந்தார். அவர் நீட்டிய தண்ணீர் பாட்டிலையும் நான் வாங்கிக் குடித்தேன்.

ஞாயிறு மதியம் விருந்து நடந்தது. எப்படி நிறுத்துவது? அண்டாவில் அரிசி கொதிக்கிறது. வெட்டாத பையனுக்கு எதற்கு மாலை என்று வாசலில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டது என் காதில் விழுந்தது. காதர் எல்லாருக்கும் நடுவில் போய் நின்றார். "புள்ளைக்குப் பொறவியிலயே ஒரு சின்னக் கொறை இருக்கு. டாக்டர் பொறுக்கச் சொல்லிட்டாங்க. பிரியாணி பொறுக்காது, வாங்க உக்காருவோம்" என்றார். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் முணுமுணுப்பு. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்து, "உடம்புக்குக் கெடுதின்னா அவசரப்படுத்துறது மார்க்கம் இல்ல" என்று ஒரே வரியில் முடித்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். முணுமுணுத்தவர்களும் பின்னாலேயே உட்கார்ந்தார்கள். கை கழுவும் இடத்தில் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தன் பேரனுக்கும் அப்படித்தான் பாதியாக இருக்கிறது, அந்த டாக்டரம்மா பேர் என்ன என்று கேட்டார்.

திங்கட்கிழமை விடியலிலேயே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். திருச்சிதான் பக்கம். ஆனால் டாக்டரம்மா திருச்சி, அங்கே எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள், சொல்லிவைத்தாற்போல் சொல்வார்கள் என்று காதர் நினைத்தார். எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது. அரியலூர், கீழப்பழுவூர், திருமானூர் வழியாகக் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டிப் போனோம். கொள்ளிடம் தாண்டியதும் மண் கறுத்து, கண்ணுக்கெட்டிய வரை நெல். சிமெண்ட் லாரிகளைப் பார்த்துப் பார்த்து நொந்த கண்ணுக்கு இதமாக இருந்தது.

அங்கே பார்த்த டாக்டர் வயதானவர். முகாமில் நடந்ததை நாங்கள் அவரிடம் மூச்சுவிடவில்லை. சும்மா சுன்னத்து பண்ண வந்திருக்கிறோம் என்றோம். அவரும் விளக்கை இழுத்துப் பார்த்தார். அவரும் பையனிடம் அதே கேள்வியைக் கேட்டார். தோல் வேண்டும், தொடக்கூடாது என்று ஏறக்குறைய அதே வார்த்தைகளில் சொன்னார். "யாரும் கை வைக்கலியே? நல்லவேளை" என்றார். முழு ஆண்டு விடுமுறையில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், அதோடு சுன்னத்தும் முடிந்துவிடும் என்றார். காதர் அப்போது குவைத்தில் இருப்பார். என்னைப் பார்த்தார். "நான் வந்துடுறேன் மாப்ள" என்றேன்.

திரும்பும் வழியில் அரியலூரில் என்னை இறக்கிவிட்டார்கள். மாலை ரயில். இர்ஃபான் மட்டும் என்னோடு பிளாட்பாரம்வரை வந்தான். காதர் தண்ணீர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

"மாமா, அந்த ஆஸ்பத்திரியில என்னா பண்ணுவாங்க? மோதிரம் போடுவாங்கன்னு சொல்லாதீங்க."

இந்தப் பயணம் முழுக்க அவனிடம் ஒருத்தரும் உண்மை பேசவில்லை. நானும் ஒரு பொய்யன். சொன்னேன். மயக்க ஊசி போட்டுத் தூங்கவைப்பார்கள், கொஞ்சம் வெட்டுவார்கள், கொஞ்சம் தைப்பார்கள், எழுந்த பிறகு வலிக்கும், சில நாள் வலிக்கும். அப்புறம் நின்றுகொண்டு போனாலும் காலில் படாது.

"வலிக்குமா?"

"வலிக்கும்டா."

அவன் என் முகத்தையே பார்த்தான். வண்டியைச் சுற்றிவந்து பார்க்கும் ஆள்போல நிதானமாகப் பார்த்தான். பிறகு, "நெசமாத்தான் சொல்றீங்க" என்றான்.

ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. விருந்தன்று நான் போட்டுவிட்ட மோதிரத்தை அவன் விரலிலிருந்து கழற்றி என் கையில் வைத்தான்.

"ஏன்டா, உனக்குத்தானே?"

"அத்தா இருக்க மாட்டாங்கள்ல. நீங்க வைங்க. அன்னிக்கி வந்து போட்டுவுடுங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் சுண்டுவிரலின் நுனியில்கூட அது நுழையவில்லை. சென்னையில் என்னிடம் ஏமாந்தவர்களும் உண்டு, என்னை ஏமாற்றியவர்களும் உண்டு. வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு பொருளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவன் அதுவரை ஒருவனும் இல்லை. மோதிரத்தைச் சட்டையின் உள்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினேன். எதிரில் இருந்தவர் நீட்டிய கடலையை வாங்கிக்கொண்டேன்.